சட்டம் உண்டு, ஆள் எங்கே?

சிறுவரைக் காப்பதற்கு இந்நாட்டில் சட்டம் இல்லையென்று எவரும் கூறமுடியாது. சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் 1939ஆம் ஆண்டிலேயே பிறந்துவிட்டது. பெண்கள், இளம் ஆட்கள், பிள்ளைகள் ஆகியோரைத் தொழிலில் அமர்த்துவது பற்றிய சட்டம் 1956இல் வந்தது. 1991இல் ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை ஏற்றுறுதி செய்தது. 1995இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டு, பிள்ளைகளைப் பாலியல் சுரண்டலுக்கு உட்படுத்துவது தனிக் குற்றமாக்கப்பட்டது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டம் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையைத் தோற்றுவித்தது. 1999இல் பிள்ளையின் வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்து நீதிமன்றில் சான்றாக முன்வைக்க வழி செய்யப்பட்டது. 2021இல் வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக்குறைந்த வயது 14இலிருந்து 16 ஆயிற்று. இவற்றையெல்லாம் அடுக்கினால் ஒரு சட்டத்தரணியின் அலுமாரியில் ஒரு தட்டு நிறைந்துவிடும்.

ஆனால், ஒரு வீட்டின் பின்பக்கத்தில் பாத்திரம் துலக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் இத்தட்டிலுள்ள எந்தச் சட்டமும் தானே நடந்து போவதில்லை. படலையைத் தட்டுவதற்கு ஒரு மனிதர் வேண்டும். அவருக்குப் பதவி வேண்டும், பயிற்சி வேண்டும், பயணப்படி வேண்டும், பிள்ளையின் மொழியும் தெரிந்திருக்க வேண்டும். அம்மனிதரை நியமிப்பதற்குத்தான் இந்நாட்டின் அரசாங்கங்கள், நிறம் எதுவாயினும், மனம் கொள்வதில்லை. சட்டம் இயற்றுவதற்குச் செலவு குறைவு. ஆளை நியமித்தால் மாதந்தோறும் சம்பளம் கொடுக்க வேண்டும். இதற்கு மேல் இதிலே பெரிய மர்மம் ஏதுமில்லை.

2009 ஓகஸ்டில் மஸ்கெலியாப் பகுதித் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்ட இரு சிறுமியர் நகரின் நடுவே கால்வாயொன்றிற் பிணமாகக் கிடந்தனர். நாடு கொதித்தது, பின்னர் ஆறியது. பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்து, வயதெல்லை 16ஆக உயர்த்தப்பட்ட அதே 2021ஆம் ஆண்டின் ஜூலை மாதத்தில், மலையகத்திலிருந்து கொழும்பு வீடொன்றில் வேலைக்கு விடப்பட்ட இன்னொரு சிறுமி தீக்காயங்களுடன் தேசிய வைத்தியசாலையில் உயிர்விட்டாள். மீண்டும் ஊர்வலம், மீண்டும் அறிக்கை. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், வேலைக்காரப் பிள்ளை இருக்கக்கூடிய வீடுகளுக்குச் சென்று வயதை விசாரிப்பதற்கென எத்தனை உத்தியோகத்தர் புதிதாக நியமிக்கப்பட்டனர் என்று கேட்டவர் எவருமில்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான்.

இதனைக் கொழும்பின் குற்றமாகச் சுட்டி யாழ்ப்பாணத்தவராகிய நாம் கைகழுவிவிட முடியுமா? மலையகத்துப் பிள்ளைகளை வேலைக்கென்று கொண்டுவந்து யாழ்ப்பாணத்து நாற்சார் வீடுகளில் விட்ட வழக்கம் எம்மிடையே நெடுங்காலம் இருந்தது. வைத்தியர் வீட்டிலும் ஆசிரியர் வீட்டிலும் சட்டத்தரணி வீட்டிலும் அப்பிள்ளைகள் இருந்தனர். தம் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பிய அதே வாசலால், அவ்வயதுப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பினர். அதற்கும் முன்பு, குடிமை என்ற பெயரில் எம் ஊர்ப் பிள்ளைகளையே வேலைக்குக் கட்டிவைத்திருந்தோம். போர்க்காலத்தில் பிள்ளைகளின் தோளில் துப்பாக்கி ஏறிய கொடுமையையும் கண்டோம். கல்வியே எமது கண் என்று மேடைதோறும் கூறிவந்த சமூகம், எவருடைய பிள்ளையின் கண் என்பதைத் தனக்கு வசதியான இடத்தில் மறந்து வந்திருக்கிறது. தமிழருக்கு நேர்ந்த அநீதிகளை எழுதும் இப்பக்கத்தில் இதையும் எழுதுவதே முறை.

இனி, கணக்கைப் பார்ப்போம். தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2008-09இல் நடத்திய ஆய்வின்படி நாட்டில் 107,259 பிள்ளைகள் சிறுவர் தொழிலில் ஈடுபட்டிருந்தனர். அவர்களுள் ஆபத்தான தொழிலில் இருந்தோர் 63,916 பேர். 2016ஆம் ஆண்டின் ஆய்வில் மொத்தம் 43,714 ஆகக் குறைந்தது. மகிழத்தக்க செய்தியே. ஆனால் அந்த 43,714இல் ஆபத்தான தொழிலில் இருந்தோர் 39,007 பேர். அதாவது பத்துப் பிள்ளைகளில் ஏறக்குறைய ஒன்பது பேர். முன்னைய ஆய்வில் அது பத்தில் ஆறாக இருந்தது. கண்ணுக்குத் தெரிந்த இடங்களில், கடைத்தெருவில், பாடசாலை வரவுப் பதிவேட்டில் பிடிபடக்கூடிய பிள்ளைகள் மீட்கப்பட்டு, எவரும் எட்டிப்பாராத இடங்களில் உள்ள பிள்ளைகளே எஞ்சினர் என்று கொள்வதே பொருத்தம். எஞ்சியோரை மீட்கச் சுவரொட்டியும் கருத்தரங்கும் போதா. ஆள் போகவேண்டும். அதுவும் 2022இன் பொருளாதார வீழ்ச்சிக்கு முற்பட்ட கணக்கு என்பதை வாசகர் நினைவிற் கொள்வாராக. அடுப்பில் பானை ஏறாத வீட்டிலிருந்துதான் பிள்ளை முதலில் வெளியே அனுப்பப்படுகிறது.

இது இலங்கைக்கு மட்டும் உரிய நோயன்று. இங்கிலாந்திலே பஞ்சாலைகளில் பிள்ளைகள் மாடாய் உழைத்த காலத்தில், 1802இலும் 1819இலும் அவர்களைக் காக்கச் சட்டங்கள் இயற்றப்பட்டன. அவற்றை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு உள்ளூர் நீதவான்களிடம் விடப்பட்டது. ஆலை முதலாளியோடு ஒரே மேசையில் உணவருந்தும் நீதவான் ஆலைக்குள் எதைக் காண்பார்? சட்டம் ஏட்டில் உறங்கியது. 1833ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெருமை, ஒன்பது வயதுக்குட்பட்ட பிள்ளைகளை ஆலைகளில் அமர்த்தக்கூடாது என்ற விதியில் மட்டும் இல்லை. அரசின் சம்பளம் பெறும் நான்கு பரிசோதகர்களை அச்சட்டம் தானே நியமிக்கச் செய்தது. நாடு முழுவதற்கும் நால்வர்! போதவே போதாது. எனினும் ஆலைக்குள் நுழையவும், கண்டதை எழுதவும், எழுதியதைப் பாராளுமன்றத்தின் முன்வைக்கவும் அந்நால்வருக்கும் அதிகாரம் இருந்தது. அவர்களுள் ஒருவரான லெனாட் ஹோர்னர் கால் நூற்றாண்டுக்கு மேல் எழுதிய அறிக்கைகள் ஆலை முதலாளிகளின் உறக்கத்தைக் கெடுத்தன. பிற்காலத்துச் சட்டங்கள் பல அவ்வறிக்கைகளின் முதுகில் ஏறியே வந்தன. ஆள் வந்த பிறகே அங்கே சட்டத்துக்கு உயிர் வந்தது.

எமது நாட்டின் நிலை என்ன? ஆளே இல்லையென்று கூறமாட்டோம். ஓர் உத்தியோகத்தர் இருக்கவேண்டிய இடத்தில் நான்கு திணைக்களங்களின் பெயர்ப்பலகைகள் தொங்குகின்றன. பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் மத்திய அரசைச் சேர்ந்தவர். நீதிமன்றுக்குச் சமூக அறிக்கை எழுதும் நன்னடத்தை உத்தியோகத்தர் மாகாணத்தைச் சேர்ந்தவர். ஏனெனில் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவை 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி மாகாணத்துக்குரிய விடயம். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு வேறு உத்தியோகத்தர். வேலைக்கமர்த்தியவரை நீதிமன்றத்தில் நிறுத்தவேண்டியது தொழில் திணைக்களம். குற்றமாயின் பொலிசாரின் சிறுவர், பெண்கள் பணியகம். ஒரு பிள்ளைக்கு ஐந்து கோவைகள் திறக்கப்படலாம். பிள்ளையை நேரிற் கண்டு பேசியவர் ஒருவரேனும் உண்டா என்பது வேறு கதை. ஊருக்குப் பொதுவான கிணறு, இறைப்பவர் எவரென்ற வழக்கிலேயே தூர்ந்துபோவதை எமது தோட்டக்காரர் கண்டிருக்கின்றனர்.

யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகளும் 435 கிராம உத்தியோகத்தர் பிரிவுகளும் உள்ளன. நெடுந்தீவும் அவற்றுள் ஒன்று. சனத்தொகை குறைவென்று கணக்கெழுதி அப்பிரிவுக்குரிய உத்தியோகத்தரை வேறொரு பிரிவுக்கும் சேர்த்து நியமிப்பது கொழும்பின் மேசையில் நியாயமாகத் தோன்றலாம். ஆனால் அங்குள்ள பிள்ளைக்கு ஒரு கொடுமை நேர்ந்தால், அப்பிள்ளை கடல் கடந்து குறிகாட்டுவான் வந்து, அங்கிருந்து பஸ் ஏறி வந்தே நீதவானைக் காணவேண்டும். காற்று மாறினால் படகில்லை. மருதங்கேணியிலிருந்து வருவதும் இலகுவன்று. ஆளணியைத் தலைக்கணக்கில் மட்டும் தீர்மானிக்கும் வழக்கம் தீவகத்துக்கும் வடமராட்சி கிழக்குக்கும் இழைக்கப்படும் அநீதி. பிரிவுக்கு இத்தனை பேர் என்பதைச் சுற்றறிக்கை கூறக்கூடாது; சட்டமே கூறவேண்டும். சுற்றறிக்கையை ஒரு செயலாளர் ஒரு மாலைப் பொழுதில் மாற்றிவிடுவார். சட்டத்தை மாற்றப் பாராளுமன்றம் கூடவேண்டும்.

அரசாங்கத்திடம் பணம் எங்கே என்று கேட்பார் உளர். நியாயமான கேள்வி. 2022இன் வீழ்ச்சிக்குப் பின் அரச சேவைக்கு ஆட்சேர்ப்பு இறுக்கப்பட்டது. ஓய்வு வயது 60ஆக்கப்பட்டதால் அவ்வாண்டின் இறுதி நாளில் பெருந்தொகையினர் ஒரே நேரத்தில் வீடு சென்றனர். ஆனால் அதே அரசாங்கம் 2020இல் பட்டதாரிகளைப் பல்லாயிரக் கணக்கில் பயிலுநராகச் சேர்த்து, பின்னர் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற பெயரில் செயலகங்களில் இருத்தியது. அவர்களுள் பலருக்கு இருக்கை உண்டு, வருகைப் பதிவேடு உண்டு. வரையறுத்த வேலைதான் இல்லை. இது அவர்களின் குற்றமன்று. 2017இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் வெயிலிலும் மழையிலும் குந்தியிருந்து வேலை கேட்ட பட்டதாரிகளை நாம் மறந்துவிடவில்லை. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்று எம்மவர் சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளைகள் அவர்கள். ஒருபுறம் வேலையில்லாத ஆள்; மறுபுறம் ஆளில்லாத வேலை. இரண்டையும் இணைப்பதற்குப் பெருந்திறைசேரி வேண்டியதில்லை. சம்பளம் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறது. 1952இல் கொழும்பில் சமூகப்பணி நிறுவகமாகத் தொடங்கிய தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் சமூகப்பணியில் டிப்ளோமாவும் பட்டமும் வழங்கி வருகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் சமூகவியலும் சட்டமும் கற்பிக்கிறது. விருப்பமுள்ளோரைப் பரீட்சை வைத்துத் தெரிந்து, முறையாகப் பயிற்றி, இப்பணிக்கு மாற்றலாம்.

பரீட்சை வைத்து என்று நாம் அழுத்திக் கூறுவதற்குக் காரணம் உண்டு. புதிய பதவிகள் வருகின்றன என்ற செய்தி வெளிவந்த மறுநாளே அரசியல்வாதிகளின் பெயர்ப்பட்டியல்களும் வந்துவிடும். தொண்டருக்குக் கூலி கொடுக்கப் பிள்ளைகளின் பெயரைப் பயன்படுத்துவதைக் காட்டிலும் அப்பதவிகளை வெறுமையாக விடுவது மேல். நியமனம் மாகாண அரசாங்க சேவை ஆணைக்குழுவின் கையால் நடைபெறவேண்டும். பிள்ளைகளோடு பழகத் தகுதியானவரா என்பதும், முன்பு குற்றப் பதிவு உண்டா என்பதும் விசாரிக்கப்படவேண்டும். ஆட்டுப் பட்டிக்கு ஓநாயைக் காவல் வைத்த கதை உலகெங்கும் சிறுவர் இல்லங்களில் நடந்திருக்கிறது. எமது மாகாணத்தின் இல்லங்களிலே தாயோ தந்தையோ உயிருடனிருந்தும் வறுமையால் விடப்பட்ட பிள்ளைகள் பலர் வளர்கின்றனர். அவ்வில்லங்களை மேற்பார்வை செய்வதும் இந்த உத்தியோகத்தரின் பொறுப்பே.

பிள்ளைகளின் பெயரால் வேறொரு கடையும் திறக்கப்படுகிறது. 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை நிறைவேற்றியபோது, இணையத்திற் பிள்ளைகள் சீரழிக்கப்படுவதைத் தடுக்கவே அது என்று அன்றைய அமைச்சர் வாதாடினர். ஐவர் கொண்ட ஆணைக்குழு ஒன்றும், மக்களின் பேச்சுக்கு விலங்கிடக்கூடிய பிரிவுகளும் அதில் வந்தன. பிள்ளையை மிரட்டுபவனைத் தேடிப் பிடிக்கும் புலனாய்வாளர் ஒருவரையேனும் கூட்டித் தரும் பிரிவை அதில் நாம் காணவில்லை. அமெரிக்காவிலும் இவ்வகை வழக்கு எழுந்தது. இணையத்தில் நடைபெறும் சிறுவர் சுரண்டலைத் தடுப்பதற்காக, தனிப்பட்டோரின் மறைமொழித் தொடர்பைப் பலவீனப்படுத்தும் என்று பலர் அஞ்சிய ஒரு சட்டமூலம் 2020இல் செனற் சபைக்கு வந்தது. அதற்கு மாற்றாக செனற்றர் றொன் வைடன் வேறொன்றைக் கொணர்ந்தார். 500 கோடி டொலரைக் கட்டாயமாக ஒதுக்கி, புலனாய்வாளரையும் வழக்குத் தொடுநரையும் பெருந்தொகையிற் சேர்ப்பதே அதன் சாரம். அது சட்டமாகவில்லை. ஆயினும் அதன் பின்னுள்ள எண்ணம் எமக்கு ஏற்புடையது: எல்லாருடைய கடிதத்தையும் உடைத்துப் பார்ப்பதிலும், குற்றவாளியைத் தேடும் ஆட்களைக் கூட்டுவதே நேர்மையான வழி. கண்காணிப்பின் சுவையை முப்பதாண்டுப் போரிலும் அதன் பின்னரும் அறிந்த வடபகுதி மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

எமது விவசாய வாசகர் சிலருக்கு இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். வெங்காய நடுகைக்கு மகன் கைகொடுத்தால், விடுமுறையில் மகள் மிளகாய் பறித்தால், உத்தியோகத்தர் வந்து வழக்குப் போடுவாரோ? அவ்வாறன்று. தாய் தந்தையரோடு தோட்டத்திற் கைகொடுத்துப் பழகும் பிள்ளை வேறு. பாடசாலையை விட்டு நிறுத்தப்பட்டுப் பிறர் காணியில் நாட்கூலிக்கு மருந்தடிக்கும் பிள்ளை வேறு. கோப்பாயிலும் உரும்பிராயிலும் செம்மண்ணைக் கொத்திப் படித்து முன்னேறியவர் எம்மிடையே எத்தனை பேர்! இவ்விரண்டையும் வேறு பிரித்து அறியக் கண்ணும் பயிற்சியும் வேண்டும். பயிற்சி பெற்றவர் இல்லாத இடத்திற் பொலிசார்தான் வருவர். வந்தால் ஒன்றில் இரண்டையும் குற்றமென்பர், அல்லது இரண்டையும் காணாது போவர். ஆதலால் தகுதியான உத்தியோகத்தர் வருவதில் விவசாயிக்கு நன்மையே உண்டு. கட்டாயக் கல்வி வயது 2016இல் 16ஆகியும், வேலைக்கமர்த்தும் வயது 2021 வரை 14ஆகவே கிடந்தது. அந்த ஐந்தாண்டு இடைவெளியில் எந்தச் சட்டத்தைக் கடைப்பிடிப்பதென்று அதிகாரிகளுக்கே விளங்காதபோது, தோட்டக்காரரைக் குறைகூறுவது எங்ஙனம்?

மொழியைப் பற்றியும் கூறவேண்டும். அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம் தமிழிலும் முறைப்பாட்டை ஏற்கிறது, நல்லது. ஆனால் முறைப்பாடு பொலிஸ் நிலையத்துக்கு வந்து சேரும்போது, நடுங்கும் பிள்ளை தன் வாயால் சொல்லக் கூசும் சொற்களை, தமிழறியாத ஒருவர் முன்னிலையில் மற்றொருவரின் மொழிபெயர்ப்பின் மூலம் சொல்லவேண்டியதாகிறது. தமிழ் பேசும் பெண் பொலிசார் வடக்கிற் போதாமை பழைய முறைப்பாடு. தமிழ் நிருவாக மொழி என்று அரசியலமைப்பு கூறுவது வெறும் பெயர்ப்பலகைக்காக இல்லையெனில், முதலில் அது விளங்கவேண்டிய இடம் பிள்ளையின் வாக்குமூலம் எழுதப்படும் மேசையே.

2015 மே மாதத்திற் புங்குடுதீவு மாணவிக்கு நேர்ந்த கொடுமைக்காக வடக்கு முழுவதும் கடையடைத்தது. பாடசாலைப் பிள்ளைகள் வீதிக்கு இறங்கினர். 2017 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்திற் கூடிய மூவர் தீர்ப்பாயம் தண்டனை விதித்தது. மக்களின் கோபம் அவ்வழக்கை விரைவுபடுத்தியது என்பதில் ஐயமில்லை. ஆனால் கடையடைப்புக் கிடைக்காத பிள்ளைகளின் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபடுகின்றன. சாட்சி சொல்லவேண்டிய சிறுமி தாயாகிய பின்னர் அழைப்பாணை வரும் அவலம் உண்டு. கோபத்தை ஒரு நாளில் செலவழித்துவிடாது, அதிற் சிறு பங்கை ஆளணிக் கணக்குக் கேட்பதற்கு நாம் சேமித்து வைத்திருக்கலாம்.

வடக்கு மாகாண சபை 2013 செப்டெம்பரில் தெரிவாகி 2018 ஒக்டோபரிற் காலாவதியானது. அதன் பின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே ஆளுநரின் கையில் மாகாணம் விடப்பட்டது. அதிகாரப் பகிர்வு என்பதைக் காணி, பொலிஸ் என்ற இரு சொற்களுக்குள் அடைத்துவிட்ட எமது தலைவர்கள், நன்னடத்தையும் சிறுவர் பராமரிப்பும் ஏற்கெனவே மாகாணத்தின் பட்டியலில் இருப்பதையும், இருந்த ஐந்தாண்டில் அதை எவ்வளவு தூரம் பயன்படுத்தினோம் என்பதையும் மக்களுக்குக் கூறக் கடமைப்பட்டவர்கள். கையிலிருந்த அதிகாரத்தை முழுதாக ஆண்டு காட்டியிருந்தால், மேலும் கேட்கும் குரலுக்கு வலுக் கூடியிருக்கும்.

இப்பொழுது செய்யக்கூடியது யாது? அரசியலமைப்பின் 152ஆம் உறுப்புரையின்படி, திரட்டு நிதியிலிருந்து செலவு செய்ய அதிகாரமளிக்கும் சட்டமூலத்தை அமைச்சர் ஒருவரே, அமைச்சரவையின் இசைவுடன் கொண்டுவரலாம். ஆகவே எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் தாமே இதனைச் சட்டமாக்கிவிட முடியாது. அதைக் காரணங்காட்டி வாளாவிருக்கவும் முடியாது. வரவு செலவுத் திட்டத்தின் குழுநிலை விவாதம் ஆண்டுதோறும் வருகிறது. சிறுவர் விவகார அமைச்சின் செலவுத் தலைப்பும் அன்று சபையில் எடுக்கப்படுகிறது. 2024 நவம்பரில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் 6 உறுப்பினரை அனுப்பியது. ஆளுங்கட்சியினரும் அவர்களுள் உளர். ஆதலால் எதிர்க்கட்சி என்ற சாட்டும் எல்லாருக்கும் இல்லை.

அவர்கள் அறுவரிடமும் எமது வேண்டுகோள் சிறியது. யாழ்ப்பாண மாவட்டத்தின் 15 பிரதேச செயலகப் பிரிவுகளிலும் சிறுவர் பாதுகாப்புக்கென அங்கீகரிக்கப்பட்ட பதவிகள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, வெற்றிடமானவை எத்தனை, வெற்றிடங்கள் எத்தனை மாதங்களாக உள்ளன என்பதை, பிரிவுவாரியாக, வாய்மூல விடைக்கான வினாவாகச் சபையில் எழுப்புங்கள். விடை ஹன்சாட்டில் வந்த வாரமே அதனை அப்படியே இப்பக்கத்தில் வெளியிடுவோம். வினாவை எழுப்பாதோரின் பெயர்களையும் வெளியிடுவோம்.